எழுபத்தொரு பேர்

அந்த ஊரில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் முதலில் தட்டப்படுவது வண்டிக்காரர் வீட்டுக் கதவுதான். பெரிய சாலையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வெங்காயக் காடுகளுக்கும் கல்குவாரிக்கும் நடுவில் கிடக்கிற ஊர். பதினான்கு வருஷங்களுக்கு முன்னால் அவர் ஒரு பழைய வேனை ஓட்டிக்கொண்டு ஊருக்குள் நுழைந்த பிறகுதான், நடக்க முடியாதவர்களும் வெளியே போய்த் திரும்பலாம் என்று ஆயிற்று. அதற்கு முன்னால் நோயாளியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நான்கு பேர் ஓடுவார்கள். பாதி வழியிலேயே திரும்பி வந்த கட்டில்களும் உண்டு.

ஒன்பது பேர் உட்காரும் வேனில் அவர் பதினாறு பேரை உட்கார வைப்பார். யாருக்கு முழங்கால் மடங்காது, யாருக்கு ஜன்னல் ஓரம் இல்லாவிட்டால் குமட்டும், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேரை எப்படி முதுகோடு முதுகாக உட்கார்த்துவது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. கூரை மேல் வெங்காய மூட்டை, காலடியில் பால் கேன். காலை எட்டு மணிக்கு ஒரு நடை, மதியம் ஒரு நடை. நிறைந்தால்தான் வண்டி நகரும். "அண்ணே, கிளம்பலாமா?" என்று யாராவது கேட்டால், "இன்னும் ரெண்டு தலை வரட்டும்" என்பார். ஊரே காத்திருக்கும். கல்யாணப் பத்திரிகை அடித்தால் முதல் பத்திரிகை அவர் வீட்டுக்கு. டீக்கடைக்குள் அவர் நுழைந்தால் பெஞ்சில் இடம் தானாக உண்டாகும். அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று சொன்னால் போதாது. அது இல்லாவிட்டால் தான் யார் என்றே அவருக்குத் தெரியாது என்கிற அளவுக்கு ஆகியிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பஸ் ஆபீஸிலிருந்து ஓர் இளம் பெண் அதிகாரி வந்தார். உள்ளடங்கிய ஊர்களுக்கு பஸ் விடுவதற்காகக் கணக்கெடுக்கிறார்களாம். முந்நூறு பேராவது நிரந்தரமாகக் குடியிருக்கும் ஊருக்குத்தான் பஸ் என்பது விதி. ஊருக்கு வர அவருக்கும் வேறு வழியில்லை, வண்டிக்காரரின் வேனில்தான் ஏறினார். வளைவுகளில் தலைசுற்றி, வழியில் இரண்டு முறை இறங்கி வாந்தி எடுத்தார். வண்டிக்காரர் தண்ணீர் கொடுத்தார், துண்டை நனைத்து நெற்றியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அதில் நடிப்பு ஒன்றுமில்லை. யார் வண்டியில் ஏறினாலும் அவர் அப்படித்தான்.

ஊர் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. அறுவடை நேரம், தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. பாதிப் பேர் வெங்காயக் காட்டில், பாதிப் பேர் குவாரியில், குழந்தைகள் எல்லாம் அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில். இரண்டு பக்கமும் கதவுக்குக் கதவு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்த வீடெல்லாம் ஏன் பூட்டியிருக்கு?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"போயிட்டாங்க மேடம்."

'போயிருக்காங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டுக்கும் ஓரெழுத்து ஈரெழுத்துதான் வித்தியாசம். நாக்கு புரண்டுவிட்டது என்று பிற்பாடு எத்தனையோ தடவை அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். நாக்கு புரளவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

"எல்லாருமேவா?"

"இங்க என்ன இருக்கு மேடம், கல்லும் முள்ளும். வயசானதுங்கதான் அங்கங்க கிடக்குதுங்க. மத்தவங்க வருஷத்துக்கு ஒரு தடவை வருவாங்க, வீடு நிக்குதா விழுந்துருச்சான்னு பாத்துட்டுப் போவாங்க."

தலைசுற்றல் தெளியாத அந்தப் பெண் கதவு திறந்திருந்த வீடுகளில், வெளியிலிருந்து கண்ணில் பட்ட தலைகளை மட்டும் எண்ணினார். கடைசியில் எழுபத்தொன்று என்று எழுதி, "ஊர்க்காரர் ஒருத்தர் கையெழுத்து வேணும்" என்று தாளை நீட்டினார். வண்டிக்காரர் தன் பெயரை எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, ஒரு புள்ளி வைத்தார். மகளின் ரேங்க் கார்டில் போடுகிற அதே கையெழுத்து.

அன்று மாலை மனைவியிடம் அதை ஒரு வேடிக்கை மாதிரிதான் சொன்னார். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "எழுபத்தொண்ணா? நம்ம தெருவுலயே அதுக்கு மேல இருக்குமே" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, "பஸ் வராதா அப்போ?" என்று கேட்டாள்.

"பஸ் வந்தா நம்ம பொழப்பு?"

அவள் வடித்த கஞ்சியை ஓரமாக வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

மகள் பள்ளிப் படிப்பை முடித்த வருஷம்தான் அந்தக் கதை மறுபடி கிளம்பியது. ஊரில் ஐந்து பெண்களுக்கு டவுன் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. அவள், தையல்காரர் மகள், டீக்கடைக்காரர் தங்கை மகள், இன்னும் இரண்டு பேர். காலேஜ் எட்டரைக்குத் தொடங்கும். வேன் ஊரைவிட்டுக் கிளம்புவதே எட்டு மணிக்கு, அதுவும் நிறைந்தால். "உன்னை மட்டும் நான் ஏழு மணிக்கே கொண்டு விடுறேன்" என்றார் வண்டிக்காரர். "அவங்க?" என்றாள் மகள். அவர் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்: "நாங்க அஞ்சு பேரும் நாளைக்கு பஸ் ஆபீஸுக்குப் போறோம்ப்பா. மனு எழுதிட்டோம். நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? போனார். பழைய தாள்கள் எல்லாம் இந்நேரம் கரையான் தின்றிருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டார். ஆபீஸ் மதில் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார்.

பெண்கள் படபடவென்று பேசிக்கொண்டே வந்து ஏறினார்கள். மகள் எப்போதும் முன் சீட்டில் உட்காருபவள், அன்று பின்னால் போய் மூலையில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, போன காரியம் காயா பழமா?" என்று கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"அட போங்க மாமா," என்றாள் தையல்காரர் மகள். "நம்ம ஊர்ல மொத்தமே எழுபத்தோரு பேருதானாம். ஃபைல்ல எழுதியிருக்காம். அந்த கிளார்க் எங்களைப் பாத்து, 'எழுபத்தோரு பேர்ல அஞ்சு பேர் இங்க வந்துட்டீங்க, ஊரைக் காலி பண்ணிட்டா வந்தீங்க'ன்னு கேக்குறாரு."

"எவன் மாமா அப்படி எழுதிக் கொடுத்திருப்பான்?" என்றாள் இன்னொருத்தி. "ஊர்க்காரர் ஒருத்தர் கையெழுத்தே இருக்குன்னாரு. நாங்க எட்டிப் பாக்குறதுக்குள்ள ஃபைலை மூடிட்டாரு. இவ மட்டும்தான் பக்கத்துல நின்னா. ஏய், நீ பாத்தியா?"

வண்டிக்காரர் மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் மகளின் கண்கள் இருந்தன.

"சரியாத் தெரியலடி," என்றாள் அவள். "கிறுக்கலா இருந்துச்சு."

மீதி வழி முழுக்க மற்ற நான்கு பேரும் அந்த முகம் தெரியாத ஊர்க்காரனைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். சோற்றில் கல் கிடக்கணும் என்றாள் ஒருத்தி. அவன் வீட்டில் அடுப்பு எரியாமல் போகணும் என்றாள் இன்னொருத்தி. வண்டிக்காரர் கியர் மாற்ற வேண்டிய இடத்தில் எல்லாம் தவறாமல் மாற்றினார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் மகள் கேட்டாள், "அது உங்க கையெழுத்துதானே?"

மனைவி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"பொழப்பு இருக்கேம்மா," என்றார் வண்டிக்காரர். "இந்த வண்டி ஓடித்தானே நீ படிச்ச, நாம சாப்பிடுறோம்."

"நான் அதைக் கேக்கல."

"பஸ்ஸு வந்தாலும் நாலு மாசம் ஓடும், அப்புறம் நிறுத்திருவாங்க. அவனுங்களை நம்பி..."

"அந்த எழுபத்தொண்ணுல நான் இருக்கேனா?"

அவருக்குப் புரியவில்லை.

"எழுபத்தோரு பேரை விட்டுட்டு மீதிப் பேரை எல்லாம் இல்லேன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்கல்ல. நாம மூணு பேரு எதுல இருக்கோம்? இருக்கிறதுலயா, இல்லாததுலயா?"

அன்றைக்கு அவர் வீட்டுக் கதவும்தான் பூட்டியிருந்தது. மனைவி காட்டுக்குப் போயிருந்தாள், மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். இப்போதுதான் அது அவருக்கு நினைவு வந்தது.

"உனக்குத் தெரியுமாம்மா?" என்று மகள் அம்மா பக்கம் திரும்பினாள்.

"தெரியும்," என்றாள் அவள். "சிரிச்சுக்கூட இருக்கேன்."

காலேஜ் தொடங்கிய நாள் காலை ஐந்தரை மணிக்கு மகள் பையை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். ஒன்பது கிலோமீட்டர் நடந்து, பெரிய சாலையில் டவுன் பஸ் பிடித்தால் எட்டேகாலுக்குப் போய்ச் சேரலாம். அப்பாவின் வண்டியில் ஏற மாட்டேன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஏறவில்லை, அவ்வளவுதான். மாலையில் அவர் திரும்பி வரும்போது அவளும் நடந்து வந்துகொண்டிருப்பாள். முதல் நாள் அவர் வண்டியை மெதுவாக்கி அவள் பக்கத்தில் உருட்டிக்கொண்டே வந்தார். உள்ளே பதினாறு பேர்.

"என்னண்ணே, பாப்பா நடந்து வருது, ஏத்தலையா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"அதுக்கு நடக்கணுமாம். உடம்புக்கு நல்லதாம்."

"ஒன்பது கிலோமீட்டரா?"

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க," என்று சிரித்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். பின்னால் எழுந்த தூசி அவள் மேல் படிவதைக் கண்ணாடியில் பார்த்தார். மறுநாளிலிருந்து அவளைத் தூரத்தில் பார்த்தாலே ஊர்ந்து போனார், தூசி எழாமல்.

ஒரு வாரத்தில் தையல்காரர் மகள் அவளோடு சேர்ந்துகொண்டாள். அடுத்த வாரம் ஐந்து பேரும். வண்டிக்காரர் மகளே நடக்கும்போது நமக்கென்ன என்று மற்ற வீடுகளில் அனுப்பிவிட்டார்கள். "உங்க பொண்ணு துணைக்கு இருக்கிற தைரியம்தான்" என்று தையல்காரர் வண்டிக்காரரிடம் நன்றி வேறு சொன்னார். அந்த நன்றியை வாங்கி எங்கே வைப்பது என்று தெரியாமல், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார்.

மகள் வீட்டில் கோபமாகவும் இல்லை. அம்மாவோடு பேசினாள், பாத்திரம் கழுவினாள், அவருக்குத் தண்ணீர்கூட வைத்தாள். அவரிடம் பேசுவது மட்டும் நின்றிருந்தது. 'அப்பா' என்ற சொல் அந்த வீட்டைவிட்டு எங்கோ போய்விட்டது. மாலையில் அவள் குதிகாலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கொப்புளம் உடைந்து, உடைந்த இடத்திலேயே புதுக் கொப்புளம். செருப்பு வார் அறுந்து கம்பியால் கட்டியிருந்தது. அவர் டவுனில் புதுச் செருப்பு வாங்கி வந்து வாசலில் வைத்தார். மூன்று நாள் அது வைத்த இடத்திலேயே இருந்தது. நான்காம் நாள் மனைவி அதை எடுத்துப் பரண் மேல் போட்டாள்.

"நீயாவது சொல்லக் கூடாதா அவகிட்ட?" என்றார்.

"என்னன்னு சொல்ல?"

"அப்பா உனக்காகத்தான் செஞ்சாருன்னு."

"அவளுக்காகவா செஞ்சீங்க?" என்றாள் மனைவி. அவள் குரலில் சண்டை இல்லை. "நெசத்தைச் சொல்லுங்க. சோத்துக்கு இல்லாமலா போயிருக்கும் நமக்கு? பஸ் வந்தாலும் வெங்காயம் ஏத்த வண்டி வேணும், கல்யாணத்துக்கு வண்டி வேணும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "பஸ் வந்தா என்னை யாரு கேப்பா?" என்றார்.

சொன்ன பிறகுதான், தன் வாயிலிருந்து அந்தக் காரணம் இதுவரை வந்ததில்லை என்று அவருக்குத் தெரிந்தது. மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள், அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மகள் நடக்கத் தொடங்கிய இருபத்து மூன்றாம் நாள் அவர் பஸ் ஆபீஸுக்குப் போனார். மூன்று வருஷத்துக்கு முன்னால் கணக்கெடுக்க வந்த அதே பெண் இப்போது அங்கே பெரிய நாற்காலியில் இருந்தார். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க. நீங்க எனக்கு ஈரத் துண்டு குடுத்தீங்கல்ல? உட்காருங்க. ஊர் எப்படி இருக்கு?"

உட்காராமலே சொன்னார். ஊரில் பூட்டியிருந்த வீடுகள் எல்லாம் ஆள் இருக்கிற வீடுகள். காட்டுக்குப் போயிருந்தார்கள். தனக்குத் தெரியும். தெரிந்துதான் 'போயிட்டாங்க' என்று சொன்னது.

அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவர் திட்டவில்லை. "நான் ஒரு கதவையாவது தட்டிப் பாத்திருக்கணும்," என்று தன்னைத்தான் சொல்லிக்கொண்டார். "உங்களை நல்ல மனுஷன்னு நினைச்சேன். வீட்ல போய் எங்க அம்மாகிட்டகூடச் சொன்னேன்." பிறகு அதிகாரி ஆனார். வீட்டுக்கு வீடு தலை எண்ணிக்கையும் கையெழுத்தும் வேண்டும். பழைய கணக்கு ஏன் தப்பு என்று அதைக் கொடுத்தவரே எழுதித் தர வேண்டும். அதைப் படித்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு வீட்டாரும் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அப்படி வந்தால் மறுபடி ஆள் அனுப்புவோம்.

வெளியே வந்தபோது கிளார்க் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து மெதுவாகச் சொன்னார், "'தவறுதலாக'ன்னு ஒரு வார்த்தையைச் சேத்துக்குங்க. ஊர்ல உங்க மானம் மிஞ்சும்."

அப்படியே எழுதினார். 'மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் எழுபத்தொரு பேர் மட்டுமே இருப்பதாகத் தவறுதலாகத் தகவல் கொடுத்துக் கையெழுத்திட்டவன் நான்.' மாலையில் மகள் கால் கழுவிவிட்டு வந்தபோது அவள் பக்கத்தில் அந்தத் தாளை வைத்தார். அவள் எடுத்துப் படித்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்து, 'தவறுதலாக' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தாள். அடித்த சொல்லுக்கு மேலே இருந்த இடத்தில் அவர் 'தெரிந்தே' என்று எழுதினார்.

நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். காலை நடை முடிந்து சிலது, மாலையில் சிலது என்று பதினொரு நாட்கள் ஏறி இறங்கினார். ஏதோ மனு என்று நினைத்துப் படிக்காமலே கையெழுத்துப் போடப் போனவர்களை, "படிச்சுட்டுப் போடுங்க" என்று நிறுத்தினார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே படித்துக் காட்டினார்.

டீக்கடைக்காரர் இரண்டு முறை படித்தார். "எங்க கடையில உக்காந்துதானே, 'இந்த கவர்மெண்டு நமக்கு பஸ் விடாதுய்யா'ன்னு நீயும் சேந்து திட்டின?" என்றார். ஆறு பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு வண்டிக்காரருக்கு டீ வந்தது, பெஞ்சில் இடம் உண்டாகவில்லை. நின்றுகொண்டே குடித்தார்.

தையல்காரர் படித்துவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். தைக்கிற துணி ஒன்றும் மெஷினில் இல்லை. வெகுநேரம் மிதித்துவிட்டு, "உங்களுக்குப் போய் நன்றி சொன்னேனே நான்" என்றார்.

ஒரு வீட்டில் நிறைமாதப் பெண் ஒருத்தி, வயிற்றில் இருப்பதையும் சேர்த்து எழுதச் சொல்லிச் சண்டை பிடித்தாள். பிறக்காததை எழுத முடியாது என்றதற்கு, "இருக்கிறவங்களையே இல்லேன்னு எழுதின ஆளு, இதை எழுதுறதுல உனக்கு என்ன கஷ்டம்?" என்றாள். வாசலில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவரும் சிரிக்க முயன்று, முடியாமல், தாளைப் பார்த்துக்கொண்டார்.

திட்டியவர்களைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. திட்டாதவர்கள்தான் பெரும்பாடாக இருந்தார்கள். "அதெல்லாம் பழைய கதை, விடுங்க" என்று அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்குப் போகணும், எனக்கு முன்னால ஒரு இடம் போட்டு வைங்க" என்று குழைந்தவர்கள். கோபப்படக்கூட அவர்களால் முடியாது. கோபப்பட்டால் வண்டியில் இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயம். இத்தனை வருஷமாக மரியாதை என்று தான் நினைத்துக்கொண்டிருந்ததில் எத்தனை பங்கு இந்தப் பயம் என்று யோசித்தபோது அவருக்கு உடம்பு கூசியது.

கல்லுடைக்கிறவர் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தார். குவாரிப் பாதையில் தனியாக நிற்கிற வீடு. போன வருஷம் மழைக்காலத்தில் அவர் மனைவிக்கு ஒருநாள் காலை வயிற்றுவலி எடுத்தது. வண்டிக்காரர் முந்தின நாளே ஒரு கல்யாணச் சவாரிக்கு வெளியூர் போயிருந்தார். மதியம் இரண்டு மணிக்கு வந்ததும் சாப்பிடக்கூட இல்லாமல் அவளை ஏற்றிக்கொண்டு ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலை அடையும்போது உயிர் இல்லை. அதே வண்டியில் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார், வாடகை வாங்க மறுத்துவிட்டார். கல்லுடைக்கிறவர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "உன்னை உசுரு இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்று அழுதார். ஊரே அதைப் பார்த்து வண்டிக்காரரின் மனசைப் பற்றிப் பல நாள் பேசிக்கொண்டிருந்தது.

அவர் போனபோது கல்லுடைக்கிறவர் வாசலில் உட்கார்ந்து சம்மட்டிக்குப் புதுப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே இரண்டு பெண் பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"உக்காரு," என்றார். "என்ன பேப்பர் அது? எனக்குப் படிக்க வராது. நீயே படி."

வண்டிக்காரர் படிக்கத் தொடங்கினார். 'எழுபத்தொரு பேர் மட்டுமே இருப்பதாக' வரைக்கும் படித்துவிட்டுத் தாளை மடிக்கப் பார்த்தார்.

"படி," என்றார் கல்லுடைக்கிறவர்.

"...தெரிந்தே தகவல் கொடுத்துக் கையெழுத்திட்டவன் நான்."

செதுக்குகிற சத்தம் நின்றது.

"இது எப்போ நடந்துச்சு?"

"மூணு வருஷம் ஆச்சு."

"அவ போனது போன வருஷம்."

"ஆமா."

"பஸ் வந்திருந்தா காலைல எத்தனை மணிக்கு வந்திருக்கும்?"

"ஏழு. ஏழரைக்குள்ள."

"அவளுக்கு வலி எடுத்தது ஆறு மணிக்கு." அதை யாரிடமும் சொல்வது போல இல்லாமல் சொன்னார். "ஆறுல இருந்து ரெண்டு வரைக்கும் அவ உன் வண்டி சத்தம் கேக்குதா கேக்குதான்னுதான் கேட்டுட்டு இருந்தா."

வண்டிக்காரர் தலை குனிந்திருந்தார்.

"உன் கையைப் புடிச்சுட்டு அழுதேனே நான்."

"ஆமா."

"நீயும்தானே அழுத?"

"அழுதேன்."

"எதுக்கு அழுத?"

அன்றைக்கு அவர் அழுதது உண்மையான அழுகை. அந்த அழுகைக்கு அடியில், பஸ் என்ற நினைப்பு ஒரு நொடி தலைதூக்கியதும் உண்மை. அதை அப்போதே அமுக்கிவிட்டார்.

"மூணு பேருன்னு எழுது," என்றார் கல்லுடைக்கிறவர். விரல் ரேகை வைத்துவிட்டு, மையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "இனி உன் வண்டியில என் பிள்ளைங்களை ஏத்த மாட்டேன்னு சொல்லணும் போல இருக்கு. ஆனா நாளைக்கே ஒண்ணுக்குக் காய்ச்சல் வந்தா உன் வீட்டுக் கதவைத்தான் வந்து தட்டணும். அதை நினைச்சாதான் எனக்கு என் மேலயே வெறுப்பா இருக்கு. எந்திரிச்சுப் போ."

எழுந்து போனார். வண்டி குவாரிப் பாதை முனையில் நின்றது. சாவியைப் போட்டுத் திருப்ப வெகுநேரம் ஆயிற்று அவருக்கு.

மொத்தம் நானூற்று முப்பத்தெட்டு பேர். தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இந்த முறை அதிகாரிகள் இரண்டு பேர் தங்கள் வண்டியிலேயே, எல்லோரும் வீட்டில் இருக்கும் அதிகாலையில் வந்தார்கள், கதவுக்குக் கதவு தட்டினார்கள். பிறகும் தாள் அந்த மேஜை இந்த மேஜை என்று நகர ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதமும் ஐந்து பெண்களும் நடந்தார்கள். மகள் பேசவில்லை. வண்டி வழக்கம் போல ஓடியது. "கிளம்பலாமா?" என்று இப்போது யாரும் கேட்பதில்லை. அவரும் இரண்டு தலைக்காகக் காத்திருப்பதில்லை, எட்டு அடித்தால் இருக்கிற ஆட்களோடு எடுத்துவிடுவார்.

பஸ் முதன்முதலாக வருகிற நாளன்று ஊரே காலையில் மரத்தடியில் கூடியிருந்தது. அந்தக் கூட்டத்தில் நிற்க முகம் இல்லாமல், வண்டிக்காரர் விடிவதற்கு முன்பே வெங்காயம் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டார். இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போது, பாதி வழியில், வளைவைத் தாண்டி பஸ் எதிரே வந்து நின்றது.

அந்தச் சாலையில் ஒரு வண்டி அகலத்துக்குத்தான் தார். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். அரை கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில்தான் ஒதுங்க முடியும். பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை, கையை மட்டும் காட்டினார். வண்டிக்காரர் ரிவர்ஸ் கியர் போட்டார்.

பின்பக்கம் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். ஆனாலும் திரும்பும் போதெல்லாம் பஸ்ஸின் பெரிய கண்ணாடி கண்ணில் பட்டது. அவர் பின்னால் போகப் போக அது விடாமல் முன்னால் வந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஊர் இருந்தது. அவர் பதினான்கு வருஷம் சுமந்த முகங்கள் எல்லாம் ஒன்றாக நின்றுகொண்டு, அவர் பின்வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தன. யாரும் சிரிக்கவில்லை. ஸ்டியரிங் வியர்வையில் வழுக்கியது. பதினான்கு வருஷத்தில் முதன்முறையாகச் சக்கரம் பாறையில் உரசியது. நிறுத்தி, நேராக்கி, மறுபடி பின்னால் போய், ஒருவழியாகப் பாறை இடுக்கில் வண்டியைச் சொருகினார்.

பஸ் மெல்ல அவரைக் கடந்தது. ஜன்னல் ஜன்னலாகப் போனது. தையல்காரர், டீக்கடைக்காரர், கைக்குழந்தையோடு அந்தச் சண்டைக்காரப் பெண். கல்லுடைக்கிறவர் இரண்டு பிள்ளைகளையும் மடியோடு அணைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். கடைசி ஜன்னலில் மகள். அவள் பார்க்கிறாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவருக்குத் தைரியம் வரவில்லை. ஸ்பீடோமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் பூஜ்யத்தில் இருந்தது.

மாலை ஐந்து மணி பஸ்ஸில் மகள் வந்துவிட்டாள். இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே அவள் வீட்டுக்குள் நுழைவது அந்த ஏழெட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவை. வண்டிக்காரர் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். மனைவி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். மகள் கை கழுவிவிட்டு ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். எப்போதும் போல அடுப்படிக்குப் போகாமல், அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம் முன்னாடியே ஒதுங்கியிருக்கலாம்ப்பா."

மனைவியின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"ஆமாம்மா," என்றார் அவர். "ஒதுங்கியிருக்கணும்."